மலிவாக யாழ்ப்பாணம் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு

போன வாரமும் ஒரு மெசேஜ் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள். “நாலு பேர், மூணு நாள், குறைஞ்ச செலவு. வேனுக்கு எவ்வளவு ஆகும்? பேரம் பேசினா குறைப்பாங்களா? நம்ம ரூபாய்க்கு அங்க எல்லாம் சல்லிசுதானே?” இந்த இரண்டு வருடத்தில் இதே கேள்விக்குப் பத்துப் பதினைந்து பேருக்காவது தனித்தனியாகப் பதில் எழுதியிருப்பேன். ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டால் இனி இந்தப் பதிவையே அனுப்பலாம்.

நான் திருநெல்வேலிக்காரி. இப்போது குடியிருப்பதும் திருநெல்வேலியில்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரும் அதுவே. வந்த புதிதில் வீட்டு முகவரியை அம்மாவுக்கு அனுப்பியபோது, “இது நம்ம அட்ரஸ்லா?” என்று திருப்பிக் கேட்டாள். ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு வேலை, சம்பளம் இலங்கை ரூபாயில். அனெக்ஸ் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம்தான். எனவே சனி, ஞாயிறு ஊர் சுற்றுவது என்றால் எனக்கு பஸ்ஸும் சைக்கிளும்தான். வேறு வழி இருந்திருந்தால் இதை நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். இன்று யாராவது மாதம் முழுக்க வேன் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதல் பதில்: வேன் எடுக்காதீர்கள். மூன்று நாள் வேனில் வருபவர்கள் எல்லாரும் ஒரே சுற்றுதான் போகிறார்கள். நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு, கீரிமலை. ஏசி குளிர் வெளியே போய்விடாமல் இருக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிரைவர் சொல்லும் கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரே மொழி பேசும் ஊருக்கு வந்துவிட்டு, அந்த மொழியை ஒருவர் வாயிலிருந்தும் முழுதாகக் கேட்காமல் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

எனக்கு இந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தது பஸ்தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் நிற்கும், தனியார் மினிபஸ்ஸும் நிற்கும். மினிபஸ்ஸில் பாட்டு சத்தமாக ஓடும், கூட்டமும் அதிகம். “பின்னுக்கு அரக்குங்கோ, இன்னும் கொஞ்சம் அரக்குங்கோ” என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அரக்குவது என்றால் நகர்வது. முதல் நாள் எனக்குப் புரியவில்லை, பக்கத்திலிருந்தவர் நகர்ந்ததைப் பார்த்து நானும் நகர்ந்தேன். “வெளிக்கிட்டாச்சோ” என்றால் கிளம்பியாயிற்றா. “வடிவாப் பாருங்கோ” என்றால் கவனமாகப் பாருங்கள். அழகு என்பதற்கும் வடிவு, கவனம் என்பதற்கும் வடிவு. இதை முதன்முதலில் கேட்டது, மிச்சக்காசை எண்ணிப் பார்க்கச் சொன்ன ஒரு கண்டக்டரிடம்.

என்னை அதிகம் குழப்பியது “உங்க” என்ற சொல். நமக்கு அது உங்களுடைய. இங்கே அது இடத்தையும் குறிக்கும். இங்க, அங்க, நடுவில் உங்க. பேசுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது இது, இருவருக்கும் தள்ளி இருப்பது அது, கேட்கிறவர் பக்கம் இருப்பது உது. பழைய இலக்கணத்தில் சுட்டெழுத்து அ, இ, உ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த உகரம் நம் பக்கம் எப்போதோ போய்விட்டது. இங்கே மீன்கடையிலும் பஸ்ஸிலும் உயிரோடு இருக்கிறது. “தங்கச்சி, உதில இருங்கோ” என்று ஒரு அம்மா எனக்குப் பக்கத்தில் காலியாயிருந்த சீட்டைக் காட்டிச் சொன்ன அன்று, நான் உட்காராமல் அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லுமாலா ஒன்றை வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் மேடு என்று ஒன்று கிடையாது, எவ்வளவு தூரமும் மிதிக்கலாம் என்று நினைத்தேன். சைக்கிளைச் சரிசெய்து தந்த ஐயா, “எந்த மாசம் எந்தப் பக்கம் போறியள் எண்டதைப் பாத்துப் போங்கோ, பிள்ளை” என்றார். அவர் சொன்னது ஜூன் மாதம் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் புரிந்தது. கோட்டையைத் தாண்டி வேலணைப் பக்கம் போகும் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். நடுவில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, நேராக நெஞ்சில் வந்து அறைகிறது. நின்றுகொண்டு மிதித்தாலும் நகரவில்லை. நெற்றியில் உப்பு. அல்லைப்பிட்டி வரை போய்ச் சேர்வதற்குள் கால் இரண்டும் கழன்றுவிட்டன. திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டை வாசலில் விட்டது. வழியில் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேலே வெயில். அந்தக் காட்சியை வேன் ஜன்னலில் நான்கு நொடியில் கடந்துவிடலாம்.

அப்புறம் ‘பாதை’. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடல் ஒரு சின்ன இடைவெளி விடுகிறது. அதைக் கடக்கும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டி, நான், என் லுமாலா எல்லாரும் ஏறினோம். காசு கேட்கவில்லை. நான் கொடுக்கப் போனபோது, “இதுக்குக் காசில்லை” என்று ஒரு பையன் சிரித்தான். நடுக்கடலில், போர்த்துக்கீசியர் கட்டி பிறகு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போன சிறு கோட்டை ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி நிற்கிறது. பத்து நிமிடத்துக்குள் அக்கரை. அங்கிருந்து கசூரினா கடற்கரைக்கு மிதித்துப் போய், பொன்னாலைத் தாம்போதி (கடலின் குறுக்கே போட்ட சாலை) வழியாக ஊர் திரும்பினேன். செலவு, ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடையில் உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பணிஸ் (பன்) எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு, பயப்பட வேண்டாம். சந்நிதி முருகன் கோயில் மடங்களில் பசியோடு வந்தவரை யார் என்று கேட்காமல் இலை போடுவார்கள். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இலங்கை ரூபாயில் ஒன்று. அங்கே கோடீஸ்வரரும் நானும் ஒரே வரிசையில் ஒரே ஒரு ரூபாயோடு நிற்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது.

சரி, பேரத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு இந்திய ரூபாய்க்கு இங்கே மூன்றரை ரூபாய்போல் கிடைக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதல் மணி நேரத்திலேயே இந்தக் கணக்கை மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். என் உறவினர் ஒருவர் வந்திருந்தபோது திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பனங்கட்டிக் குட்டான் (குட்டி ஓலைப் பெட்டியில் கருப்பட்டி) விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம் நின்று, விடாமல் பேசி, ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கினார். வெளியே வந்ததும், “நம்ம காசுக்குப் பதினஞ்சு ரூபாய்தான், ஆனாலும் விடக்கூடாதுல்ல” என்றார். எனக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை. மறுநாள் நான் மட்டும் போய் அந்த ஆச்சியிடம் இரண்டு குட்டான் வாங்கினேன், அவர் சொன்ன விலைக்கு. அவர் நேற்றைய கணக்கையெல்லாம் நினைவில் வைத்திருக்கவில்லை. “நல்ல கட்டி பிள்ளை, தேத்தண்ணிக்குக் கடிச்சுக் குடியுங்கோ” என்றார்.

2022இல் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று எல்லாரும் செய்தியில் பார்த்தோம். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, சமையல் எரிவாயு இல்லை, மருந்து இல்லை, மணிக்கணக்கில் மின்வெட்டு. நான் அப்போது இங்கே இல்லை. ஆனால் என் வீட்டுக்கார அக்கா இன்னமும் பால்மாப் பெட்டியைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நாணய மதிப்பு விழுந்ததால் நமக்குக் கிடைக்கிற மலிவு, இவர்கள் சேமிப்பில் விழுந்த ஓட்டையிலிருந்து வருகிறது. அதில் மேலும் ஐம்பது ரூபாய் கறப்பதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குறைந்த செலவில் வர வேண்டுமா, தாராளமாக வாருங்கள். இங்கே உள்ளவர்கள் போகிற பஸ்ஸில் போங்கள், அவர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிடுங்கள், அவர்கள் கொடுக்கிற விலையைக் கொடுங்கள், அவர்களோடு வரிசையில் நில்லுங்கள். செலவு தானாகவே குறையும். பெரிய ஹோட்டல் பில்லைக் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டு ஆச்சியிடம் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

போன செப்டம்பரில் நயினாதீவு போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸில் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகு. நாகபூசணி அம்மன் கோயிலில் மதியச் சாப்பாடு, பிறகு கரையோரம் உட்கார்ந்து நேரத்தை மறந்துவிட்டேன். கடைசிப் படகைப் பிடித்து இக்கரை வந்தபோது பஸ் போய்விட்டது. இருட்டத் தொடங்கியிருந்தது. இறங்குதுறைக் கடையைச் சாத்திக்கொண்டிருந்த அக்கா, “பஸ் போட்டுது தங்கச்சி, இனி இல்லை” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாத்திய பலகையைத் திரும்ப எடுத்து, அடுப்பைப் பற்றவைத்து, “இதைக் குடியுங்கோ, பாப்பம்” என்று ஒரு தேத்தண்ணி தந்தார். அரை மணி நேரத்தில் மீன் ஏற்றின பட்டா (குட்டி லாரி) ஒன்று வந்தது. ஓட்டி வந்தவரோடு அவர் மனைவியும் இருந்தார். கடைக்கார அக்கா மறித்து, “இந்தப் பிள்ளையை ரவுனில இறக்கிவிடுங்கோ” என்றார். முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு மூன்று பேர். பின்னால் ஐஸ் பெட்டிகள் முட்டும் சத்தம், றால் வாடை.

“தங்கச்சி எவடம்?” என்று கேட்டார் ஓட்டி வந்தவரின் மனைவி.

“திருநெல்வேலி.”

“கம்பஸடியோ?”

“இருக்கிறது அங்கதான். சொந்த ஊர் இந்தியாவில இருக்கிற திருநெல்வேலி.”

அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார். குரலே மாறிவிட்டது. “அட, அங்கன எங்க இருக்கீய? ஜங்ஷனா, பாளையங்கோட்டையா?”

இரண்டு வருடத்தில் இந்த நாட்டுக்காரர் ஒருவர் வாயிலிருந்து என் ஊர்த் தமிழை நான் கேட்ட முதல் தடவை அது. 1990இல் அவருக்கு மூன்று வயது. குடும்பத்தோடு படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம், பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் மதுரை ரோட்டில் ஒரு முகாம். பள்ளிப் படிப்பு முழுக்க அங்கேதான். முகாமில் செக்கிங் நாளில் யாரும் வெளியூர் போகக்கூடாதாம். ஒரே ஒரு முறை, முகாமில் எல்லாரும் காசு போட்டு லாரி பிடித்து, சாரல் நேரத்தில் குற்றாலம் போனார்களாம். “அந்த ஒரு நாளை இன்னும் சொல்லுவேன். ஐந்தருவியில தலையை நீட்டிக்கிட்டு நின்னேன், எங்க அம்மா இழுக்க இழுக்க வரல.” 2011இல் ஊர் திரும்பி, தீவிலேயே கல்யாணம் செய்துகொண்டார்.

அந்த முகாமை எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லக் கூடாது. மதுரைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த வரிசை வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், அதையும் பேப்பரில் படித்தேன். இருபது வருடத்தில் ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. வேற்று நாட்டில் தீவு தீவாகத் தேடிப் போகிற எனக்கு, பக்கத்து வீட்டுத் தூரத்தில் இருந்தவர்களிடம் போகத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

பஸ் நிலையத்தில் இறங்கிக் காசை நீட்டினேன். அதுவரை பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தவர் கையை அசைத்தார். “வைச்சிருங்கோ தங்கச்சி. எங்கட ஆக்கள் எத்தனை வருசம் உங்க இருந்தவை.”

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல், நாலு மணி நேரம்போல் ஆகும். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் மழைக்காலத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கிருந்து பஸ் மாறி மாறித் திருநெல்வேலி. நேற்று பட்டாவில் வந்த அந்த அக்கா என் வீட்டைத் தேடி வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கிலோ ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மாவு), நான்கு பனங்கட்டிக் குட்டான். முகாமில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மாவுக்கு. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். மதுரை ரோட்டில் எந்த நிறுத்தம் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார், ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும்.