கைனர்-ஃபலெஃபாவை விடுங்கள், புல்பென்னைப் பாருங்கள்

ரொறன்ரோவில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கதைதான். 2025 பேஸ்போல் உலகத் தொடரில் டொட்ஜர்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் புளூ ஜேய்ஸ் அணியின் கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸிலிருந்து இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் கோப்பை எங்களுடையது. தேத்தண்ணிக் கடையில் இதுதான், கலியாண வீட்டில் இதுதான், கோயில் வாசலில் செருப்புப் போடும்போதும் இதுதான். எனக்கு அலுத்துவிட்டது. அந்த இரண்டு அடியைப் பற்றிக் கதைப்பதால் புளூ ஜேய்ஸ் உண்மையில் எங்கே தோற்றது என்பதையே மறந்துவிட்டோம். அதே இடத்தில் இந்த வருடமும் தோற்கக்கூடும் என்பதுதான் என் கவலை.

முதலில் அந்தக் கட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். ஏழாவது ஆட்டம், 4-4. ஒருவர் அவுட், பேஸ் மூன்றிலும் ஆள். எறிவது டொட்ஜர்ஸின் யமமோட்டோ. முதல் நாள்தான் 96 பந்து எறிந்து ஆறாவது ஆட்டத்தை வென்று கொடுத்த மனிதர். மட்டை பிடிப்பது எங்கள் வார்ஷோ. அவர் அடித்த பந்து தரையோடு இரண்டாவது பேஸ் பக்கம் போனது. ரோஹாஸ் தடுமாறி எடுத்து, கிட்டத்தட்ட விழுந்துகொண்டே ஹோமுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் ஹோம் தட்டிலிருந்து தூக்கியது, பிறகு திரும்ப வைத்தது. பேஸ் நிரம்பியிருக்கும்போது ஓடுபவரைத் தொட வேண்டியதில்லை, பந்தைப் பிடித்தபடி தட்டை மிதித்தாலே போதும். கால் மீண்டும் தட்டில் பட்ட பிறகுதான் கைனர்-ஃபலெஃபா வந்து சேர்ந்தார். நடுவர்கள் ரீப்ளே பார்த்தார்கள், அவுட் அவுட்தான்.

ஏன் அவ்வளவு ஒட்டி நின்றார்? முதல் நாள் ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். டொட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பந்தைப் பிடித்து, இரண்டாவது பேஸிலிருந்து தள்ளி நின்ற எங்கள் பார்ஜரை அந்த வேகத்திலேயே அவுட்டாக்கினார். அந்தச் சூடு ஆறவில்லை. பந்து நேராகக் கைக்குப் போனால் மாட்டிக்கொள்ளாதே, பேஸோடு நில் என்று சொல்லப்பட்டிருந்ததாக அவரே பிறகு சொன்னார். சொன்னபடி நின்ற மனிதரைத்தான் நாங்கள் வருடக் கணக்கில் திட்டப் போகிறோம்.

திட்டுவதென்றால் வேறொரு விஷயம் இருக்கிறது. அதை ஒருவரும் கதைப்பதில்லை. கைனர்-ஃபலெஃபா அங்கே நின்றதே போ பிஷெட்டுக்குப் பதிலாக ஓடுவதற்கு. பிஷெட்டின் முழங்கால் சரியில்லை, ஓடச் சொல்ல முடியாது, அது நியாயம். ஆனால் ஆட்டம் நீண்டு 11ஆவது இன்னிங்ஸுக்குப் போனபோது என்ன நடந்தது? ஒரு ரன் பின்னால் நிற்கிறோம். விளாடி, அதாவது விளாடிமிர் குரேரோ, முதல் ஆளாக வந்து டபுள் அடித்து இரண்டாவது பேஸில் நிற்கிறார். அடுத்து வரவேண்டியவர் பிஷெட், அன்றைக்கே ஓடானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தவர். அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் இடத்தில் வந்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு விளாடியை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார். பிறகு பார்ஜருக்கு வோக், அதாவது நாலு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ். பிறகு கேர்க். மட்டை முறிந்தது, பந்து நேரே மூக்கி பெட்ஸிடம் போனது, ஒரே பந்தில் இரண்டு அவுட், டபுள் பிளே, கதை முடிந்தது.

அந்த இரவு நண்பர் ஒருவரின் பேஸ்மென்ற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மேசையில் கொத்து ரொட்டி ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற இரவு அது. கவலைப்படுவதற்கென்றே அரசாங்கம் ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தந்தது போலிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நாங்கள் 4-2 முன்னால். கடைசி ஆறு அவுட்டை எடுக்க வேண்டியது புல்பென், அதாவது ஆரம்பப் பிட்சருக்குப் பிறகு இறங்கும் பிட்சர்கள். எட்டாவதில் எறிந்தது யார்? ஆரம்பப் பிட்சர் யெசாவேஜ். 22 வயதுப் பொடியன், மூன்று நாளைக்கு முன்புதான் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். மக்ஸ் மன்சி அவர் பந்தில் ஹோம் ரன் அடித்தார், 4-3. ஒன்பதாவதில் ஹொஃப்மன். இன்னும் இரண்டே அவுட். மட்டைக்கு வந்தவர் ஒன்பதாவது இடத்தில் ஆடும் ரோஹாஸ், 36 வயது, களத்தடுப்புக்காக அணியில் இருப்பவர். ஹொஃப்மன் எறிந்த ஸ்லைடர் திரும்பாமல் நடுவில் தொங்கியது, பந்து இடது பக்க மதிலுக்கு மேலால் போனது. 11ஆவதில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தது பீபரின் பந்தை. அவரும் ஆரம்பப் பிட்சர்தான். கடைசி நேரத்தில் மனேஜர் ஷ்னைடர் தன் புல்பென்னில் எத்தனை பேரை நம்பினார் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

அன்று மட்டுமா? உலகத் தொடருக்கு முன் சியாற்றிலுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை எடுங்கள். எட்டாவது இன்னிங்ஸ் வரை முன்னால் நின்றோம். கால் ராலி ஒரு ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸில் யூஜேனியோ சுவாரெஸ் பேஸ் நிரம்பியிருக்க இன்னொன்று அடித்தார். யாங்கீஸோடு மூன்றாவது ஆட்டத்தில் 6-1 முன்னால் நின்று 9-6 தோற்றோம். 2022இல் இதே ரொறன்ரோவில் சியாற்றிலுக்கு எதிராக 8-1 முன்னால் நின்று 10-9 தோற்றது நினைவிருக்கிறதா? நான் மறக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. ஆட்களும் வருடங்களும் மாறினாலும் வியாதி ஒன்றுதான்.

ஹொஃப்மன் மீது எனக்குக் கோபம் இல்லை. சியாற்றிலோடு ஏழாவது ஆட்டத்தில் ஹூலியோ ரொட்ரிகஸை ஸ்ட்ரைக் அவுட் செய்து எங்களை உலகத் தொடருக்கு அனுப்பியதும் அவர்தான். ஆனால் சீசன் முழுக்க அவர் ஹோம் ரன் கொடுத்துக்கொண்டே வந்தார். தெரிந்த குறை அது. அதை வைத்துக்கொண்டே ஒக்ரோபருக்குள் போனோம், நவம்பர் 1இல் அது முகத்தில் அடித்தது.

இப்போது டொட்ஜர்ஸ் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வென்ற அணி அவர்கள். வென்ற பிறகும் தங்கள் புல்பென் ஓட்டையாக இருக்கிறது என்று எட்வின் டீயஸை 3 வருடத்துக்கு 69 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தார்கள். தோற்ற நாங்கள்? டைலர் ரொஜர்ஸை எடுத்தோம். தரையைக் கூட்டுவது மாதிரி கீழேயிருந்து எறிபவர், பந்தில் வேகமே இராது, ஆனால் அடிக்கிறவர்களைக் குழப்பி விடுவார். நல்ல ஆள்தான். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் அவரில்லை.

மற்றப் பக்கம் சனம் ஒப்பாரி வைக்கிற விஷயம் பிஷெட் மெற்ஸுக்குப் போனது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, “பிஷெட்டும் போட்டான், இனி என்ன கிடக்கு அண்ணை?” என்று கேட்டான். நிறையக் கிடக்கு தம்பி. .311 சராசரியில் அடித்த ஆளை இழப்பது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவன் இங்கேயே வளர்ந்த பிள்ளை, மனசுக்கும் கஷ்டம். ஆனால் ஷோர்ட்ஸ்டொப்பில் இனி நிரந்தரமாக ஹிமெனெஸ். கிளீவ்லாந்தில் இரண்டாவது பேஸில் ஆடி களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை மூன்று முறை வாங்கியவர். அடியில் குறையும், களத்தடுப்பில் கூடும்.

அதைவிட முக்கியம், இந்த அணி ஒரு ஆளின் மட்டையில் நின்ற அணி இல்லை. 2024இல் 74 வெற்றி, பிரிவில் கடைசி இடம். 2025இல் 94 வெற்றி, முதல் இடம். யாங்கீஸும் அதே 94, நேருக்கு நேர் கணக்கில் நாங்கள் முந்தினோம். ஒரு வருடத்தில் இந்த மாற்றம் எப்படி வந்தது? புதிய பேட்டிங் பயிற்சியாளர் டேவிட் பொப்கின்ஸ் வந்தார். எல்லாப் பந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு வீசாதே, இரண்டு ஸ்ட்ரைக் ஆனால் பந்தை எப்படியாவது மைதானத்துக்குள் போடு என்ற பழக்கம் வந்தது. முழு லீக்கிலும் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி நாங்கள்தான். எல்லோரும் ஹோம் ரன் அல்லது ஸ்ட்ரைக் அவுட் என்று ஆடுகிற காலத்தில் இது பழைய பாணி ஆட்டம். சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளேஓஃபில் எதிரே வருவது எப்போதும் நல்ல பிட்சர்தான். அவருக்கு இலேசான அவுட்டே கொடுக்காமல், பந்து பந்தாகத் தள்ளிக் களைக்க வைத்தோம். எர்னி கிளெமென்ட் என்ற மனிதர், வேறொரு அணி வேண்டாமென்று விட்ட ஆள், ஒரே பிளேஓஃபில் 30 ஹிட் அடித்து சாதனை படைத்தார். ஒரு தனி நட்சத்திரத்தால் வருகிற விஷயமா அது?

ஆகவே அடிக்கிற பக்கம் எனக்குப் பயம் குறைவு. விளாடி 14 வருடத்துக்கு, 500 மில்லியன் டொலருக்குக் கையெழுத்துப் போட்டு இங்கேயே இருக்கிறார். மொன்றியலில் பிறந்த பிள்ளை, எங்கே போகப் போகிறார்! புதிதாக வந்திருக்கும் ஒகமோட்டோ ஜப்பானில் ஆறு வருடம் தொடர்ந்து 30க்குக் குறையாமல் ஹோம் ரன் அடித்தவர். இங்கத்தைய வேகப்பந்துக்கு எப்படி நிற்பார் என்பது கேள்விதான், முதல் இரண்டு மாதம் தடுமாறினால் உடனே கத்தாதீர்கள். ஸ்பிரிங்கர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறார். சியாற்றிலுக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸில் அவர் அடித்த அந்த மூன்று ரன் ஹோம் ரன்னுக்காக டௌண்டவுனில் சிலை வைத்தாலும் நான் காசு கொடுப்பேன். ஆனால் 36 வயதில் திரும்பவும் .309உம் 32 ஹோம் ரன்னும் எதிர்பார்ப்பது பேராசை.

எறிகிற பக்கம் டிலன் சீஸ் வந்திருக்கிறார். 7 வருடம், 210 மில்லியன். ஐந்து வருடம் விடாமல் 200க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். அவரோடு கௌஸ்மன், பீபர், யெசாவேஜ். ஒக்ரோபரில் இந்த நால்வரையும் வரிசையாகச் சந்திக்க எந்த அணிக்கும் விருப்பமிராது. யெசாவேஜை மட்டும் இந்த வருடம் பத்திரமாகப் பாவிக்க வேண்டும். போன வருடம் சித்திரையில் டனீடனில் கீழ்மட்ட அணியில் எறிந்துகொண்டிருந்தவர், ஐப்பசியில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கை மனிதக் கை என்பதை மறக்கக் கூடாது.

டொட்ஜர்ஸ் காசைக் கொட்டி பேஸ்போலையே கெடுத்துவிட்டார்கள் என்று அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் கொட்டுகிறார்கள்தான், கைல் டக்கரையும் நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப் போனார்கள். ஆனால் நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா? ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் பின்னால் நிற்கிற அணி இது. 2023இல் ஓடானி வருகிறார் என்று ஒரு விமானத்தை நாடே இணையத்தில் பின்தொடர்ந்ததும், அதற்குள்ளிருந்து வேறு ஆள் இறங்கியதும் எங்களுக்குத்தான் நடந்தது. வாங்கக் காசு இருந்தது, வர ஆள் இல்லை. இப்போது சீஸ் மாதிரி ஆட்கள் தாங்களாகவே வருகிறார்கள். 11 இன்னிங்ஸ் வரை டொட்ஜர்ஸை இழுத்த அணிக்கு வரப் பிடிக்கிறது. அந்த ஒக்ரோபர் எங்களுக்குத் தந்த உண்மையான லாபம் இதுதான்.

2016க்குப் பிறகு போன வருடம் வரை இந்த அணி பிளேஓஃபில் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. 2020, 2022, 2023, மூன்று முறையும் இரண்டு ஆட்டத்தில் மூட்டை கட்டியது. 2023இல் மினசோட்டாவில் நன்றாக எறிந்துகொண்டிருந்த பெரியோஸை 47 பந்தோடு நாலாவது இன்னிங்ஸில் தூக்கினார்களே, அன்றைக்கு நான் தொலைக்காட்சியோடு சண்டை பிடித்தேன். அந்த அணியைப் பார்த்த கண்ணுக்கு இது சொர்க்கம். 92இலும் 93இலும் ஊரிலிருந்து வந்து புதிதாக இறங்கிய எங்கள் ஆட்கள் பலர், விதிகூடத் தெரியாமல் ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னுக்குத் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். அவர்களின் பிள்ளைகள் இப்போது எனக்கு ஸ்பின் ரேட், அதாவது பந்து சுழலும் வேகம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள்.

அதனால் என் கணிப்பு. இந்த அணி பிளேஓஃபுக்குப் போகும். பிரிவில் முதலிடம் யாங்கீஸோடு கடைசி வாரம் வரை இழுபடும், பொஸ்ரனும் விடாது. முதல் சுற்றில் ஓய்வு கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, மூன்று ஆட்டத் தொடர் என்பது பூவா தலையா. ஓகஸ்ட் 3 டிரேட் காலக்கெடுவுக்கு முன் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஒரு ஆள் எடுக்கவில்லையென்றால், இன்னொரு ரோஹாஸ் எங்காவது காத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. ஸ்பிரிங்கர், கௌஸ்மன், வார்ஷோ, பீபர், நாலு பேரின் ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகிறது. வீரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான ஒப்பந்தமும் டிசம்பர் 1இல் முடிகிறது. அடுத்த குளிர்காலத்தில் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்களென்றால் 2027 எப்போது தொடங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. “அடுத்த வருடம் பார்ப்போம்” என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். கையில் இருப்பது இந்த வருடம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், சண்டைக்குத் தயார். ஆனால் தயவுசெய்து அந்த இரண்டு அடியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்.