டிசம்பரில் அறுகம்பே வேண்டாம்

"டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு அறுகம்பே போங்கள், சர்ஃபிங் பழக அதுதான் இடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இடம் சரி, மாதம் தப்பு. அறுகம்பே இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்கு, சீசன் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான். டிசம்பரில் அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை, கடல் கலங்கிக் கிடக்கும். அந்த லீவுக்குத் தெற்கே வெலிகமவுக்குப் போங்கள். அடியில் மணல், அலையும் பெரும்பாலும் சாது. இடுப்பளவு தண்ணீரில் பயிற்சியாளர் பலகையைப் பிடித்திருந்து, அலை வரும்போது தள்ளிவிடுவார். விழுந்தாலும் கணுக்காலில் கட்டிய கயிறு பலகையைத் தூரப் போக விடாது.

அப்புறம், சீசனில் போனாலும் அறுகம்பேயில் மெயின் பாயின்ட் என்ற இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள், அடியில் பாறை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அங்கேயே பேபி பாயின்ட் என்ற இடம் இருக்கிறது.