அரை மணி நேரம்தான் கேட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பில் மைக்கில் சொன்னது என்ன என்று நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. அதனால் அதை முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை. சுருக்கமாக, ஒரு காலத்தில் ஊருக்காக ஆடிய அண்ணன் ஒருவர், கேம் மெஷினில் கால்பந்து ஆடுவது வெறும் பொத்தான் அமுக்குவது, மணலில் இறங்கி விளையாடுங்கலே என்று பையன்களைக் கிண்டல் செய்தார். நாலு பையன்கள், இரண்டு பழைய பி.எஸ்.பி. (கையில் வைத்து ஆடுகிற கேம் மெஷின்), கிளப் அறையில் கால்பந்து கேம் ஆட அரை மணி நேரம். அவ்வளவுதான் கேட்டார்கள். கோப்பை கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. அதற்குப் போய் மைக்கைப் பிடித்து, செவன்ஸ் (ஏழு பேர் கால்பந்து) பார்க்க வந்த மொத்தக் கூட்டத்துக்கும் முன்னால்... சரி, விடுங்கள். அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் ஆடிய காலத்தில் பந்தாட்டத்துக்குப் பேர்போன பொழியூர்க்காரனே அவர் பக்கமாகப் பந்தைக் கொண்டுவர யோசிப்பான். ஆனால் 2022 உலகக் கோப்பை நேரத்தில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்களே, அந்தப் படத்தைப் பெருமையாகப் பகிர்ந்தவரும் அதே அண்ணன்தான். ஆற்றில் நிற்கிற அட்டை கால்பந்து. பையன் கையில் இருக்கிற மெஷின் மட்டும் கால்பந்து இல்லை. நல்ல நியாயம்.

"அந்த கேமில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதன் குறைகளை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பி.எஸ்.பி.யில் நான் பல வருஷம் ஆடியது பெஸ் 2013 என்கிற கால்பந்து கேம். திரை 4.3 அங்குலம். இடது விங்கில் பந்து இருந்தால் வலது விங்கில் ஓடுகிறவன் திரையிலேயே இருக்க மாட்டான். கீழே ராடார் என்கிற குட்டி மைதானப் படத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரிவான். டிவியில் மாட்டி ஆடுகிற பெரிய பெட்டியின் கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக், மேலே நாலு பட்டன். இதில் ஒரே ஒரு சின்ன வட்டு, மேலே இரண்டே பட்டன். டிவியில் பார்க்கிற வித்தைகளில் பாதியை இதில் செய்யவே முடியாது. அந்த வட்டு தேய்ந்துவிட்டால் ஆள் நேராக ஓடாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இழுப்பான். லைசென்ஸ் இல்லாததால் செல்சிக்கு "லண்டன் எஃப்சி" என்று பெயர், மான்செஸ்டர் சிட்டிக்கு "மேன் புளூ". மேன் புளூ என்று நிஜமாகவே ஒரு கிளப் இருப்பதாக எங்கள் மாமா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்காரர்களும் கைமெஷின்காரனை இளக்காரமாகத்தான் நடத்தினார்கள். 2013-ல் வந்த ஃபிஃபா 14, பெஸ் 2014 இரண்டோடும் பி.எஸ்.பி.க்குக் கதை முடிந்தது. பி.எஸ்.பி.க்கு அடுத்த மெஷினான வீட்டாவுக்கு வந்த ஃபிஃபா 15 முந்தின வருஷத்து ஆட்டமேதான், சட்டையும் ஆட்களும்தான் புதுசு. நின்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினில் ஃபிஃபா 20 முதல் 23 வரை நாலு வருஷமும் "லெகசி எடிஷன்" என்று பெயர் வைத்து அதையே செய்தார்கள். பழைய வலைக்குப் புது மிதவை கட்டிப் புது வலை விலைக்கு விற்கிற வேலை. இதையெல்லாம் ஏமாற்று என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் திட்டியது கம்பெனியை இல்லையே. பையன்களைத்தானே.

இதில் இருக்கிற ஒரே ஒரு நல்ல விஷயத்தைக் கரையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. இதற்கு டவர் வேண்டாம். ஃபோனிலேயே இலவசமாக ஈஃபுட்பால் இருக்கிறதே என்று ஒரு தம்பி கமெண்டில் அறிவுரை சொல்லியிருந்தான். தம்பி, கரை மறைந்த பிறகு அந்த ஃபோனில் மணி பார்க்கலாம், பழைய போட்டோ பார்க்கலாம். ஈஃபுட்பால் உள்ளேயே விடாது. பி.எஸ்.பி. அப்படி இல்லை. இரண்டு மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், ஒன்றோடொன்று தானே பேசிக்கொள்ளும்.

பத்தொன்பது வயதில் மாமாவின் போட்டில் கொச்சியிலிருந்து தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனேன். ஒரு மாதம் தண்ணீர், சுறா, ஐஸ், வேறொன்றும் இல்லை. மாமா சிராங்கு, போட்டை ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் ஊர் டீமில் ஸ்டாப்பர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர்), அப்புறம் முட்டி போய்விட்டது. என்னிடம் இருந்தது சார்ஜாவிலிருந்து என் சொந்த அண்ணன் கொடுத்தனுப்பிய பி.எஸ்.பி. முதல் வாரம் மாமாவும் மைக் பிடித்த அண்ணன் மாதிரியேதான், "இது என்னலே பிள்ளை விளையாட்டு" என்றார். இரண்டாவது வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் மெஷினுக்கு நான் வரிசையில் நின்றேன். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார், ராடாரைத்தான் பார்ப்பார். "லே மக்கா, அந்தப் பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கான், உன் கண்ணுக்குத் தெரியல்லியா?" ஆஃப்சைடுக்கு ஆளை எப்படி இழுத்து விடுவது என்று பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் எனக்குச் சொல்லித் தரவில்லை. போட்டின் பேட்டரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு மெஷினை வைத்து மாமாதான் சொல்லித் தந்தார். முட்டி போன மனுஷன் பத்து வருஷம் கழித்து மறுபடியும் ஸ்டாப்பர் ஆடினார் சார். அதைத்தான் பொத்தான் அமுக்குவது என்கிறீர்கள்.

"இதை ஆடியா சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) போனான்?" என்று கேட்கிறார்கள். இல்லை. நம் கரையில் மணலில் ஆடித்தான் போனார். மெஷினை ஆடினால் சூசைராஜ் ஆகலாம் என்று யார் சொன்னது? சீட்டாடுகிறவர்களிடம் யாராவது போய் நீ எந்த டீமில் சேரப் போகிறாய் என்று கேட்கிறோமா? கண் கெட்டுவிடும் என்கிறவர்களுக்கு: சரி, கெடும். அடுத்தது.

அடுத்தது, "மணலில் இறங்கி விளையாடுங்கலே." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த மணலில்? நீங்கள் ஆடிய இடத்தைக் கடல் எடுத்துப் பல வருஷமாகிறது. இப்போது அங்கே கிடப்பது தடுப்புச் சுவருக்குப் போட்ட கருங்கல். அதன் மேல் நின்று செல்ஃபி எடுக்கலாம், பந்து தட்ட முடியாது. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு எத்தனை முறை ரோட்டில் உட்கார்ந்தோம், அன்றைக்கெல்லாம் இந்த மைக் எங்கே இருந்தது? மிச்சம் இருக்கிற ஒரே கிரவுண்டையும் டோர்னமென்ட் வந்தால் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நாலு பையன்கள் அறைக்குள் அரை மணி நேரம் கேட்டால் அதற்கும் சிரிப்பு.

நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. காரணம் இருக்கிறது. அப்புறம் ஒரு முறை மாமா கடலுக்குக் கிளம்பும்போது மெஷினின் வட்டு உடைந்துவிட்டது. களியக்காவிளையில் கொடுத்து மாற்றி வை, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாற்றி வைத்தேன். 2017 நவம்பர் கடைசி, ஒக்கிப் புயல். அதற்கு மேல் நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. நேற்று எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பிப்போய் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. டூப்ளிகேட் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன், ஓடுகிறது. தம்பிகளா, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். உங்கள் இரண்டோடு இதுவும் சேர்த்து மூன்று மெஷின். யாருடைய அனுமதியும் கேட்க வேண்டாம், அரை மணி நேரக் கணக்கும் இல்லை. சார்ஜர் மட்டும் கொண்டுவாருங்கள், என்னுடையது துருப்பிடித்துவிட்டது.

ஒன்றே ஒன்று. மெமரி கார்டில் ஒரு மாஸ்டர் லீக் (ஒரே டீமை சீசன் சீசனாக நடத்துகிற பெஸ் ஆட்டம்) இருக்கிறது, மூன்றாவது சீசனில் பாதியில் நிற்கிறது. இடம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள்.