எனக்குச் சிறுநீரகம் தேவையில்லை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீரகம் தேவையில்லை. இருக்கிற இரண்டில் ஒன்றை எடுக்கத்தான் போகிறார்கள். புதிதாக ஒன்றை வைக்கும் பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை இரவிலிருந்து சுற்றுகிற அந்தப் போஸ்டரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் ஷெயாரும் பண்ணியிருக்கிறீர்கள். தங்கச்சி மகள் கல்யாணத்தில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற என் மனைவியை வெட்டிவிட்டார்கள், என் தோளில் அவள் விரல்கள் மட்டும் மிச்சம். மேலே சிவப்பு எழுத்தில் "ஆசிரியருக்கு அவசரமாகச் சிறுநீரகம் தேவை, ஓ பொசிட்டிவ்". கீழே என் போன் நம்பர். மூலையில் ஒரு மெழுகுவர்த்தி வேறு. மெழுகுவர்த்தி எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை. நான் பி பொசிட்டிவ்.

செய்த தம்பியின் பெயரை எழுத மாட்டேன். எல்லோருக்கும் தெரியும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? எங்கள் வீட்டுக்கு வழி தெரியாதா உங்களுக்கு? தீபாவளிக்கு வந்து முறுக்கு சாப்பிட்டவர்தானே?

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன், மறுபடி சொல்ல மாட்டேன். கேஸ்ட்ரிக் என்று நினைத்து ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் பண்ணிய வைத்தியர் வாய் ஓயாமல் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தவர், இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இடது சிறுநீரகத்தில் ஐந்து சென்றிமீற்றர் கட்டி, புற்றுநோய். வலியும் இல்லை, சிறுநீரில் இரத்தமும் போகவில்லை. இந்தப் புற்றுநோய் பலருக்கு இப்படித்தான், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய் அகப்படுமாம். சிறுநீரகம் செயலிழப்பது வேறு, இது வேறு. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளை வாட்டுகிற அந்தச் சிறுநீரக நோயும் வேறு. மற்ற சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் ஒன்றை வைத்துக்கொண்டு வாழலாம், தானம் கொடுத்தவர்கள் எல்லாம் அப்படித்தானே வாழ்கிறார்கள். "கீமோ எப்ப, முடி கொட்டுமா" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்: இந்த வகைக்கு அது பெரிதாகக் கேட்காது, முதல் வைத்தியம் கத்திதான்.

இதை எல்லாம் அந்தத் தம்பிக்கும் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால்.

மூன்று நாளில் நாற்பத்தொரு அழைப்பு. ஒருவர் தன் மச்சான் ஒப்பரேசன் மேசையிலேயே போன கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சொன்னார். பதுளையிலிருந்து ஒரு பெரியம்மா, "மஹரகமைக்கு மட்டும் போயிறாதப்பா" என்று அழுதார். அங்கேதான் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. நமக்கு மஹரகம என்றால் ஊர்ப்பெயரா என்ன? அங்கே போய் நல்லபடியாகத் திரும்பியவர் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் திரும்பாதவர்களின் கதை மட்டும் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நடக்கிறது. ஒரு நண்பர் "மனசு சரியில்லேன்னா 1926க்கு எடுங்க" என்று மெசேஜ் போட்டார். நல்ல இலக்கம்தான், தேசிய மனநல நிறுவனத்தினுடையது, எந்த நேரமும் எடுக்கலாம். ஆனால் அதை அனுப்பிய நண்பர் மட்டும் எனக்கு எடுக்கவில்லை.

"நல்ல எண்ணத்தில்தானே செய்தார்" என்பீர்கள். சரி. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு என் நம்பரைக் கண்டுபிடித்துப் போஸ்டரில் போட முடிந்தது, அதே நம்பருக்கு ஒரு தடவை எடுக்க முடியவில்லை.

"சேருக்குத் தலைக்கனம்" என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார், அப்புறம் அழித்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன். ஆமாம், மானம் போனதுபோல்தான் இருந்தது. திங்கட்கிழமை தரம் ஏழில் ஒரு பையன் எழுந்து நின்று, "சேர், சாகப் போறீங்களா?" என்றான். கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய திகதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அப்போ உங்களுக்கு ஆறுதலே வேண்டாமா?" வேண்டும். ரொம்ப வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தகரத்தில் மழை அடிக்கும்போது முழித்துக்கொண்டு கிடக்கிறேன். மனைவியும் முழித்துத்தான் கிடக்கிறாள், இரண்டு பேரும் தூங்குவதாக நடிக்கிறோம். கண்டியில் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர், என் கையிலிருந்த பைலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலாவிலிருந்து வயிறு வரைக்கும் நீளத் தழும்பு. ஆறு விரல் காட்டினார், ஆறு வருசம். "பய வெண்ட எபா மாத்தயா" என்றார், பயப்படாதீங்க ஐயா என்று. பிறகு பையிலிருந்து இரண்டு கிரீம் கிறேக்கர் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தார். எனக்குச் சிங்களம் பாதிதான் விளங்கும். அந்த ஒரு மாதத்தில் எனக்கு முழுசாக விளங்கிய பேச்சு அதுதான்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வந்தபோது நாங்கள் "வயித்துப் புண்ணு" என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம். தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேசிக்கொண்டார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன்டா, எனக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவளோடு உட்கார்ந்து நாங்களும் அழவில்லை. அன்று நோயாளியைத் தவிர ஊருக்கே சொன்னோம். இன்று நோயாளியைக் கேட்காமல் ஊருக்கே சொல்கிறோம். நானும் அதைச் செய்தவன்தான், அதனால் யோக்கியன் வேசம் போட வரவில்லை.

நாற்பத்தோராவது அழைப்பு ஒரு பையனுடையது. மஸ்கெலியாப் பக்கமாம், இருபத்திரண்டு வயசாம். "சேர், எவ்வளவு குடுப்பீங்க?" என்றான் எடுத்தவுடனே. எனக்குக் கோபம் வந்து, உறுப்பு விற்பது குற்றம், 1987ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். கடைசிவரை கேட்டான். "தெரியும் சேர். அம்மா லோன் எடுத்திருக்காங்க, கிழமைக்குக் கிழமை கடன் குடுத்தவங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க" என்றான். தம்பி, உங்கள் போஸ்டர் யார் வீட்டுக்குப் போய் நின்றது என்று பார்த்தீர்களா?

எனக்குக் கிட்னி வேண்டாம்பா, எடுக்கத்தான் போறாங்க என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"பயமா இருக்கா சேர்?"

நாற்பது பேர் கேட்காத கேள்வி. இருக்குப்பா என்றேன். வைத்தியருக்கும் அதைச் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. அவனோடு அரை மணி நேரம் பேசினேன், பாதி என் கட்டியைப் பற்றி, பாதி அவன் அம்மாவின் கடனைப் பற்றி. என்னால் அவனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போஸ்டரை எடுத்துவிடுங்கள் தம்பி. ஷெயார் பண்ணியவர்களும் எடுங்கள். இரத்தம் கொடுக்க நினைப்பவர்கள் உங்களுக்குப் பக்கத்து இரத்த வங்கியில் கொடுங்கள், என் பெயர் வேண்டாம். உண்மையாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது. 18ஆம் திகதி காலையில் என்னை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு என் மனைவி வெளியே மூன்று நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். யாராவது ஒரு அக்கா கூட இருந்தால் போதும். கதை சொல்ல வேண்டாம். முதல் நாள் ஹட்டனிலிருந்து ஒன்றாகவே பஸ்ஸில் போகலாம். கினிகத்தேனை வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும், ஜன்னல் சீட்டை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள்.