போர்வைக்குள் ஒரு கத்தல்

ஹெவி மெட்டல் ராக் பாட்டுக்கான கத்தல் குரலை வீட்டிலேயே பதிவு செய்துவிடலாம் என்று சொன்னவர்களுக்குப் பக்கத்து வீடே கிடையாது போலிருக்கிறது. நேற்று துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்குள் தலையை விட்டு, மேலே போர்வையையும் போர்த்திக்கொண்டு கத்தினேன். போர்வை அறைக்குள் சுற்றும் எதிரொலியைத்தான் குறைக்கும்; சுவரைத் தாண்டும் சத்தத்தை அது என்ன செய்யும்? மூன்றாவது டேக்கில், அதாவது மூன்றாம் முறை பதிவில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "யாருக்காவது அடிபட்டுவிட்டதா?" வியர்வை சொட்டப் போய் நின்று "பாட்டு" என்றேன். அவர் நம்பவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. பதிவுக்கு முன் லெவல், அதாவது ஒலி அளவு, பார்க்கும்போது எப்போதும் பாதி பலத்தில்தான் கத்தித் தொலைக்கிறேன். மீட்டர், உச்ச வரம்பான பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸ் 12 டெசிபலில் சமர்த்தாக நிற்கும். நிஜ டேக்கில் முதல் வரியிலேயே வரம்பு மீறிச் சிவப்பு. மைக் ஒலியைப் பெருக்கும் கெய்னைக் குறைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த வெறி இறங்கிவிடுகிறது. கிளிப் ஆனதை, அதாவது வரம்பு மீறி வெட்டுப்பட்ட ஒலியை, அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றால், தொண்டையின் கரகரப்பு வேறு, அந்த நொறுங்கல் வேறு.

சரி, மேடையில் செய்வதுபோல மைக்கைக் கையால் பொத்திப் பார்த்தேன். பீப்பாய்க்குள்ளிருந்து யாரோ இருமுவது போல வந்தது. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் பின்பக்கத்துக் காற்று வழியை அடைத்தால் அப்படித்தான்.

அப்புறம், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் இந்த கம்ப்ரெஸர். குரலை அமுக்கி மொத்தத்தையும் தூக்கியதும் மூச்சிழுப்பு, நாற்காலியின் கிறீச், கணினி விசிறி எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒன்பதாவது டேக் அருமை. கடைசி இழுவையில் மட்டும், துல்லியமாக, அழைப்பு மணி.