ஐந்து தங்கம் சும்மா வராது

நேற்று ஸ்காட்லாந்தின் லான் போல்ஸ் (புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டு) வீரர் அலெக்ஸ் மார்ஷல் படத்தைப் போட்டு "பார்க்கில் பந்து உருட்டுகிற தாத்தாவுக்கு ஐந்து காமன்வெல்த் தங்கமாம்" என்று ஓடிய பதிவைப் பார்த்திருப்பீர்கள். கீழே சிரித்தவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

2002 மான்செஸ்டரில் ஜார்ஜ் ஸ்னெடனோடு இரட்டையர் தங்கம், 2006 மெல்போர்னில் பால் ஃபாஸ்டரோடு, 2014-இல் கிளாஸ்கோவில் இரட்டையர், நால்வர் இரண்டிலும், அப்புறம் 2018 கோல்டு கோஸ்ட் இறுதியில் ஆஸ்திரேலியாவை அவர்கள் நாட்டிலேயே தோற்கடித்து ஐந்தாவது. அப்போது அவருக்கு வயது 51. அதற்கு முன் எந்த ஸ்காட்லாந்துக்காரரும் எந்த விளையாட்டிலும் ஐந்து காமன்வெல்த் தங்கம் வாங்கியதில்லை. ஓட்டக்காரர் ஆலன் வெல்ஸே நான்கோடு நின்றார்.

உருட்டுவது சுலபம் என்கிறீர்கள். எடின்பரோவில் எங்கள் தெருமுனை கிளப்பில் என் மகள் ஆடுகிறாள், வாராவாரம் பார்க்கிறேன். பந்து ஒன்றரை கிலோ இருக்கும், முழு உருண்டையும் இல்லை, வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். ஜாக் என்ற சின்னப் பந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்கும், அதை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தூறல் விழுந்தால் முன்பு போட்ட அதே பாதையில் பந்து போகாது. ஸ்காட்லாந்துப் புல் மெதுவானது, ஆஸ்திரேலியப் புல் வேகமானது, அங்கே பந்து இன்னும் அகலமாக வளையும். அந்தப் புல்லில்தான் அந்த மனிதர் ஜெயித்தார்.

ஓடத் தேவையில்லையே என்பவர்கள் துப்பாக்கிச் சுடுதலில் யார் ஓடுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் இல்லை என்பது சரி, ஆனால் அது மார்ஷலின் குற்றமா?

வயதைச் சொல்லிக் கேலி செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்காட்லாந்தின் இன்னொரு போல்ஸ் வீரர் வில்லி வுட் காமன்வெல்த் போட்டிகளில் 1974-இல் தொடங்கி, 1982-இல் பிரிஸ்பேனில் ஒற்றையர் தங்கம் வாங்கி, 72 வயதில் 2010 டெல்லிக்கும் வந்து ஆடினார். இத்தனை ஆண்டுகள் ஒரு நாட்டின் அணியில் இடம் பிடிப்பது சாதனை இல்லையா? பள்ளியில் இதையே "பாட்டி விளையாட்டு" என்று சொல்லிச் சொல்லி, என் மகள் பந்துப் பையை மறைத்து எடுத்துப் போகிறாள். பதினான்கு வயதுப் பிள்ளை!

"ஜோக்தானே, இவ்வளவு கோபமா" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: ஆமாம், கோபம்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அவளைக் கண்ணு என்று கூப்பிடும் இரண்டு பேர் அங்கே சிரித்திருக்கிறார்கள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.