பன்னாவைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் தைப்பவர்கள் பிரிண்ட் காட்டனை ஆன்லைனில் மலிவாக வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைப் பாருங்கள். 44 இஞ்ச் பன்னாவில் 2 மீட்டரில் முடிகிற குர்தாவுக்கு 36 இஞ்சில் இரண்டரை மீட்டர் வரை வேண்டியிருக்கும்.

நான் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். இங்கே மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணியைக் கசக்கிப் பார்த்தே வாங்கலாம், ஆனால் கைக்குழந்தையோடு அந்த நெரிசலுக்குள் போக முடியவில்லை. போன வருடம் ஆன்லைனில் வாங்கிய துணியில், படத்தில் சின்னதாகத் தெரிந்த பூ நேரில் உள்ளங்கை அளவு இருந்தது. குழந்தை கவுனுக்குப் பொருந்தவே இல்லை. வெட்டிக் கொடுத்த துணி என்று திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தைக் கேட்டுப் பார்த்துதான் வாங்குகிறேன்.

அப்புறம், தயவுசெய்து வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவையுங்கள். காட்டனும் ரேயானும் சுருங்கும். ஈரத்தோடு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகுமா என்றும் தெரிந்துவிடும். டிசைன் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி இருந்தால் அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள், துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி வெட்ட முடியாது.